பால் மறந்த குழந்தை

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 43 வயது. கோவையில் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மேலாளர். மனைவி பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாகப் படிக்கிறார்கள். வீட்டுக்கடன் போன வருடம் முடிந்தது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அன்று இரவு மணலில் முழங்கால்படியிட்டு அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வருடம் வேதத்தைத் திறந்தால் ஒவ்வொரு வசனமும் எனக்கே எழுதினதுபோல் இருக்கும். பஸ்ஸில் போகும்போதுகூடக் காரணமில்லாமல் கண் நிறையும். ‘இனி எனக்கு ஒன்றும் தேவையில்லை’ என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, இப்போது சுத்தமாக இல்லை. ஜெபிக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன், வாரந்தோறும் வீட்டில் ஜெபக்குழு நடத்துகிறேன். ஆனால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் கிடையாது.

எங்கள் பாஸ்டரிடம் சொன்னேன். ‘அவருக்குள் நீங்கள் பரிபூரணமுள்ளவர்களாயிருக்கிறீர்கள்’ என்ற வசனத்தைக் காட்டினார். ‘வசனம் பொய் சொல்லாது. உங்கள் ஜீவியத்தில்தான் ஏதோ தடை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்’ என்றார். ஆராய்ந்து ஆராய்ந்து அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாடும்போது வாய் மட்டும்தான் அசைகிறது. சுற்றி நிற்பவர்கள் கையை உயர்த்திக் கண்ணீரோடு பாடுகிறார்கள். நான் நடிப்பதுபோல் இருக்கிறது. இது மாய்மாலம்தானே? போவதை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். கிறிஸ்துவுக்குள் நிறைவு என்பது உண்மையில் என்ன? எனக்கு இருந்தது போய்விட்டதா, இல்லை இருந்ததே கிடையாதா?

பெயர் போடவேண்டாம்.

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. வேலை மும்முரத்தால் தள்ளிப்போனது என்று நினைக்கவேண்டாம். நானும் என் முப்பதுகளில் ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் திரிந்தேன். அப்போது அவசர அவசரமாகப் பதில் சொன்னவர்களால் எனக்கு ஒரு உதவியும் கிடைக்கவில்லை. அதனால் நான் நிதானமாக எழுத நினைத்தேன்.

வேதத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம். இரண்டு மணி விழிப்பு எத்தனை நாளாக? வாரக்கணக்கில் என்றால், பசியும் வேலையில் பிடிப்பும் சேர்ந்து குறைந்திருக்கிறது என்றால், தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனநல மருத்துவர் என்றாலும் தயங்காதீர்கள். விசுவாசிக்கு இது தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியத்தைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, சில நாளில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டான். தேவதூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ‘உன் ஜீவியத்தில் தடை என்ன, ஆராய்ந்து பார்’ என்று சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பாடுதான் கொடுக்கப்பட்டது. ஓரேப் மலைக்கு நடந்து போனதும் தேவனுடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் எல்லாம் அதற்குப் பிறகுதான். களைத்துப்போன மனுஷனுக்கு முதலில் தேவன் கொடுத்தது சோறும் தூக்கமும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

என் தங்கை பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டிலேயே இரண்டரை வருடம் இருந்தாள். மாப்பிள்ளை வெளிநாட்டில். பையனுக்கு இரண்டு வயது தாண்டியும் பால்குடி நிற்கவில்லை. அம்மாதான் ஒரு நாள், ‘இன்னைக்கு மறக்கடிச்சிருவோம், இனிமே விட்டா முடியாது’ என்று சொல்லி வேப்பெண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். அன்று ராத்திரி நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். வழக்கம்போல வந்து வாய் வைத்தவன் சட்டென்று விலகினான். உடனே அழவில்லை. தலையைத் தூக்கி அவள் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ‘நீயா இப்படி?’ என்பது மாதிரி ஒரு திகைப்பு. இன்னொரு தரம் முயன்று பார்த்துவிட்டு அப்புறம்தான் அழ ஆரம்பித்தான்.

வீடே தூங்கவில்லை. நான் அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். என் தோளில் அடித்தான், கடித்தான். உள்ளறையில் தங்கை அழுதுகொண்டிருந்தாள். அவள் எழுந்து வரப்பார்த்தபோதெல்லாம் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ‘நாலு நாள் அழத்தான் செய்வான். ஒண்ணும் ஆயிராது. இங்கதான இருக்க நீ.’ மூன்று ராத்திரி இப்படிப் போனது.

ஒரு பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். தங்கை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு சக்கரம் போன பொம்மை லாரியோடு தெருவிலிருந்து ஏறி வந்தான். கீரைச் சுளகை ஒரு ஓரமாகத் தள்ளினான். அவள் மடியில் ஏறி, அவள் மார்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை, சேலையைப் பிடித்து இழுக்கவில்லை. தெருவில் ஒரு ஆடு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். தங்கையின் கை கீரை உருவுவதை நிறுத்திவிட்டது. ஆடு தெருமுனை தாண்டிப் போகும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

அதுவரைக்கும் அவளிடம் வந்தபோதெல்லாம் அவன் ஏதாவது ஒன்றுக்காகத்தான் வந்தான். அன்றைக்கு அவளிடம் வந்தான்.

131ஆம் சங்கீதம் மூன்றே வசனம். ஆலயத்துக்கு யாத்திரையாக ஏறிப்போகிறவர்கள் பாடினதாகச் சொல்லும் ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. அதில் தாவீது சொல்வது: ‘தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்.’ நூறு தடவை வாசித்திருப்பேன். வயிறு நிறையக் குடித்துத் தூங்கும் கைக்குழந்தையைத்தான் மனதில் வைத்திருந்தேன். திண்ணையில் அந்த மத்தியானத்தைப் பார்த்தபிறகுதான் ‘பால் மறந்த’ என்ற சொல் காதில் விழுந்தது. நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் பேசுகிற அதே சொல். தாவீது சொல்லும் குழந்தை குடித்து முடித்த குழந்தை இல்லை, குடிப்பது நின்றுபோன குழந்தை. கேட்டது கிடைக்காத மூன்று ராத்திரியைத் தாண்டி வந்த குழந்தை. அந்தக் காலத்தில் பால் மறக்கடிப்பது இன்னும் பிந்தித்தான். சாமுவேலைப் பால் மறந்தபிறகே தாய் அன்னாள் சீலோவில் இருந்த ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். நடக்கவும் பேசவும் தெரிந்த பிள்ளை அது. தாயின் மடி வேண்டாம் என்றால் இறங்கி ஓடிவிடக்கூடிய பிள்ளை. ஓடாமல் அமர்ந்திருக்கிறதே, அதைத்தான் தாவீது தன் ஆத்துமாவுக்கு ஒப்பிடுகிறான்.

ஆதியாகமத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து பண்ணினான். தகப்பனுக்கு அது விருந்து நாள். பிள்ளையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதை என்னைவிட ஆழமாகக் கண்ட ஒருவர் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்தார். கத்தோலிக்கர்கள் சிலுவை யோவான் என்று அழைக்கும் கார்மேல் சபைத் துறவி. 1542இல் பிறந்தவர். சபையைச் சீர்திருத்த முயன்றதற்காகச் சொந்தச் சபையின் துறவிகளே அவரைப் பிடித்து 1577 முடிவில் தொலேதோ நகரில் ஒரு சின்ன அறைக்குள் அடைத்துவைத்தார்கள். ஒன்பது மாதம் அளவில் அங்கே இருந்து தப்பிவந்தார். ஆத்துமாவின் இருண்ட ராத்திரியைப் பற்றி அவர் எழுதியபோது ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்ட உவமை இதுதான்: புதிதாகத் திரும்பின ஆத்துமாவைத் தேவன் தாய்போலப் பாலூட்டிச் சீராட்டுகிறார், பிள்ளை வளர வளர அந்தத் தாய் தன் பாசத்தை மறைத்துக்கொண்டு, மார்பில் கற்றாழைக் கசப்பைத் தடவி, பிள்ளையைக் கையிலிருந்து இறக்கி நடக்கவிடுகிறாள். அங்கே கற்றாழை, எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய். நானூறு வருடத்துக்கு அப்பால் இருந்த ஒரு மனிதர் என் அம்மாவின் அடுப்படியைப் பார்த்துவிட்டு எழுதினதுபோல் இருந்தது எனக்கு.

ஆகவே தம்பி, கன்வென்ஷன் மணலில் உங்களுக்குக் கிடைத்தது பொய்யில்லை. அது நிஜமான பால், அதைக் குடித்துத்தான் வளர்ந்தீர்கள். அது நின்றுபோனதை வைத்துத் தாய் போய்விட்டாள் என்று முடிவுகட்டவேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. எல்லா வறட்சியும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். சில வறட்சி உடம்பால் வரும், சிலது நாமே தெரிந்து செய்யும் தப்பால் வரும், சிலது ஓய்வே இல்லாமல் ஊழியம் ஊழியம் என்று ஓடுவதால் வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். உங்களிடம் வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, சபையில் மரியாதை இருக்கிறது. எதுவும் குறையவில்லை. அப்படியும் உங்களுக்கு வேண்டியது அவர்தான் என்று தவிக்கிறீர்கள். மடியை விட்டு இறங்கிப் போய்விட்ட பிள்ளை இப்படி ராத்திரி இரண்டு மணிக்கு அழாது.

உங்கள் பாஸ்டர் காட்டிய வசனத்தைக் கொஞ்சம் நின்று வாசிப்போம். கொலோசெயர் 2:10. ‘அவருக்குள்’ நீங்கள் பரிபூரணமுள்ளவர்களாயிருக்கிறீர்கள். உங்களுக்குள் பரிபூரணம் இருக்கிறது என்று அங்கே எழுதியில்லை. நீங்களோ உங்களுக்குள்ளே டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். காணாமல் அலுத்துப்போனதில் என்ன ஆச்சரியம்? நிறைவு என்பதை ஒரு பாத்திரத்துக்குள் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரி நினைக்கப் பழகிவிட்டோம். நிரம்பியிருக்கிறதா என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையிடம் நிரம்பியது என்ன இருந்தது? கையில் சக்கரம் இல்லாத லாரி. அவன் நிறைவு அவனுக்குள் இல்லை, அவன் சாய்ந்திருந்த இடத்தில் இருந்தது. பாஸ்டர் சொன்னதுபோல வசனம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அந்த வசனத்தை ஒரு பரீட்சைத்தாள்போல உங்கள் கையில் கொடுத்தது சரியில்லை.

இனி அப்போஸ்தலன் பவுல். பிலிப்பியர் 4:13 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.’ புது வருட வாக்குத்தத்த அட்டையில் வரும், ஆட்டோவின் பின்கண்ணாடியில் வரும், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனாப் பெட்டியிலும் வரும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் ஒட்டிவைத்து நான் பார்த்ததில்லை: ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், எவ்விடத்திலும் எல்லாவற்றிலும் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன்.’ எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்று அவன் சொன்னது இதற்குத்தான். பட்டினி கிடக்கப் பெலன். குறைவுபடப் பெலன்.

இதை எழுதும்போது அவன் விலங்கோடு சிறையில் இருக்கிறான். அந்தக் காலத்தில் சிறைக்காரன் சோறு போடுவான் என்று நம்பியிருக்க முடியாது. வெளியே உறவோ நட்போ இருந்தால்தான் உண்டு. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவன் கையில் பணமும் பொருளும் கொடுத்தனுப்புகிறார்கள். வந்த இடத்தில் அவன் சாகக் கிடந்து பிழைக்கிறான். உண்மையில் அந்தக் கடிதத்தின் நாலாம் அதிகாரம் ஒரு நன்றிக் கடிதம். பணம் வந்து சேர்ந்தது என்று சொல்ல வந்த இடத்தில்தான் பவுல், ‘நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்கிறான்.

மனரம்மியம் என்று நம் வேதத்தில் இருக்கும் அந்தச் சொல்லுக்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், ஸ்தோயிக்கர் என்ற அன்றைய தத்துவ ஞானிகள் பெருமையாகப் பேசின சொல். யாரையும் எதையும் சார்ந்திராமல் தனக்குத் தானே போதுமானவனாக இருப்பது என்று அதற்கு அர்த்தம். பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் முதுகெலும்பையே மாற்றிவிடுகிறான். நான் போதுமானவன் என்று சொல்லிவிட்டு, இரண்டு வசனம் தள்ளி, என்னைப் பலப்படுத்துகிற இன்னொருவரால் என்கிறான். அதற்கடுத்த வசனத்தில், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்று பிலிப்பியாருக்கு நன்றி சொல்கிறான். யாரும் வேண்டாம் என்கிறவனின் திருப்தி இல்லை அது. நண்பர்கள் அனுப்பின காசை வாங்கிக்கொண்டு மனசாரச் சந்தோஷப்படுகிறவனின் திருப்தி. நம்மில் பலபேர் கிறிஸ்துவுக்குள் நிறைவு என்றால் யார் உதவியும் தேவைப்படாமல் இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் மனைவிக்கு இந்தத் தவிப்பு தெரியுமா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. தெரியாது என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

அப்புறம், ‘கற்றுக்கொண்டேன்’ என்ற சொல். கிடைத்தது என்றோ, ஒரு ராத்திரியில் இறங்கியது என்றோ பவுல் எழுதவில்லை. தமஸ்கு வழியில் வெளிச்சம் கண்ட ஆள் அவன். மணலில் உங்களுக்கு நடந்ததைவிடப் பெரிதாக அவனுக்கு நடந்தது. அவனே மனரம்மியத்தைப் பாடம் படிப்பதுபோலப் படித்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். அதிலும் உங்களுக்கு உரிய பாடம் எது தெரியுமா? வாழ்ந்திருக்கக் கற்றுக்கொள்வது. தாழ்ந்திருப்பதற்குத்தான் கிருபை வேண்டும், வாழ்ந்திருப்பது தானாக வரும் என்று நினைக்கிறோம். பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். கடன் அடைந்து, பிள்ளைகள் நன்றாகப் படித்து, கேட்டதெல்லாம் கிடைத்தபிறகு, இதுவா இவ்வளவு நாள் ஓடினது என்று ஒரு வெறுமை வருமே, அதைத் தாங்கவும் போதிக்கப்படவேண்டும். ஆசீர்வாதத்தையே அடையாளமாகக் காட்டும் பிரசங்கங்களை இருபது வருடம் கேட்டவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தர ஆள் இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே துக்கம் உண்டு. பாலை மட்டுமே காட்டி வளர்த்த சபை, பால் மறந்த பிள்ளைக்கு என்ன சொல்லும்?

இதையெல்லாம் நான் ஒரு அறையின் வாசலில் நின்றுதான் கொஞ்சமாவது புரிந்துகொண்டேன். டோனாவூர் போயிருக்கிறீர்களா? எங்கள் திருநெல்வேலிச் சீமையில், மேற்குமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்தார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. கோவில்களுக்குப் பொட்டுக்கட்ட இருந்த பெண்பிள்ளைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் எடுத்து வளர்த்தவர். ஓடி ஓடிப் பழகின கால் அவருக்கு. 1931 அக்டோபரில் பக்கத்து ஊரான களக்காட்டில் ஒரு வாடகை வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மங்கின வெளிச்சத்தில் குழி தெரியாமல் விழுந்தார். கால் ஒடிந்தது. அப்போது வயது 63. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த அறையிலேயேதான் இருந்தார். ஏறக்குறைய இருபது வருடம். எத்தனையோ பேர் குணமாகும்படி ஜெபித்தார்கள், அவரும் ஜெபித்தார்.

அவர் அந்தப் படுக்கையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார் என்று யாராவது சாட்சி சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. அப்படி அவர் எழுதவும் இல்லை. வலி, தூக்கமில்லாத ராத்திரி, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற வேதனை எல்லாவற்றையும் வெளிப்படையாகவே எழுதினார். நோயாளிகளுக்காக அவர் எழுதின கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஆரோக்கியமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் பிரசுரங்கள் தனக்குச் சரிப்படவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. படுத்திருப்பவர் படுத்திருப்பவர்களுக்கு எழுதினது என்பதுதான் அந்தக் கடிதங்களின் பலம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டு, ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனானே, அது போன்ற பதிலோடு இருபது வருடம் இருந்தவர் அவர். சூரைச்செடிக்குக் கீழே எலியா சொன்னதும் ‘போதும்’தான். மனுஷன் அலுத்துப்போய்ச் சொல்லும் அந்தச் சொல்லையே திருப்பி எடுத்து வேறு அர்த்தத்தில் அவனுக்குக் கொடுக்கிறார் தேவன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் போனது ஒரு ஆடி மாதம். மலையில் சாரல் விழுந்து, காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அந்த அறையின் வாசலில் நின்றபிறகு அவரை அடக்கம்பண்ணின இடத்துக்குப் போனேன். அவர் கேட்டுக்கொண்டபடி அங்கே கல்லறைக்கல் நாட்டவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். அவரை எல்லோரும் கூப்பிட்ட ‘அம்மா’ என்ற சொல்தான் அவருக்கு அடையாளம். தொட்டியில் மழைத்தண்ணீரும் இரண்டு மூன்று இலையும் கிடந்தன. அந்த நாட்களில் நான் வேலை போய், ஒன்பது மாதமாக வீட்டில் இருந்தேன். குணமாக்கும், வேலை கொடும், வழி திறவும் என்று கேட்டுக் கேட்டு என் வாய் காய்ந்திருந்தது. அங்கே நின்றபோது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பெரிதாக உணர்ச்சி எதுவும் வரவும் இல்லை. சும்மா நின்றேன். களக்காட்டுக்குப் பஸ் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் கிளம்பினேன். அதற்கப்புறமும் ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் முந்தின ஒன்பது மாதம் மாதிரி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பிடியரிசிக் கலயத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். சோறாக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் உலையில் போடுவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவின் கடை நொடித்துப்போய், ரேஷன் அரிசியே எண்ணி ஆக்கின காலம் ஒன்று இருந்தது. அப்போதும் அம்மா கைப்பிடி எடுத்தாள். ‘நமக்கே இல்லியேம்மா’ என்றேன். ‘இல்லாததுலயா எடுக்கேன்? இருக்கதுலதான எடுக்கேன்’ என்றாள். பிறகு நான் சம்பாதித்து அரிசி மூட்டையாக வந்து இறங்கின காலத்திலும் அதே கலயம், அதே கை. எனக்கு வேலை போய் மறுபடியும் அளந்து ஆக்கினபோதும் அது நிற்கவில்லை. அம்மா பக்திப் பரவசத்தில் அழுது நான் பார்த்தது குறைவு. ஆலயத்தில் பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பாள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தெரிந்தவள் என்று நான் நேரில் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஜெபக்குழுவை நடத்துவதைக் கொஞ்ச மாதத்துக்கு வேறொருவரிடம் கொடுங்கள். வீட்டில் நடக்கட்டும், நீங்கள் ஓரமாக உட்காருங்கள். உங்களை ஆராய்வதை நிறுத்துங்கள். சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் 131ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள். வறட்சியைப் போக்கும் என்றுகூடக் கேட்கவேண்டாம். முதல் சில நாள் மனசு சேலையைப் பிடித்து இழுக்கும். இழுக்கட்டும்.

ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நிறுத்தவேண்டாம். வாய் மட்டும் அசைவது மாய்மாலம் இல்லை. இயேசு மாய்மாலக்காரர் என்று சொன்னது, மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்று ஜெபிக்கிறவர்களை. நீங்களோ யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று கூசுகிறீர்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே ‘இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்றுதான் எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனின் விசுவாசத்தைப் பற்றி மாற்கு பிரித்து ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் கண்ணீரோடு பாடுகிறவர்களோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். இந்த வருடம் அவர்கள் உங்கள் கட்டிலைத் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவருக்கு வாய் மட்டும் அசையும். அப்போது பக்கத்தில் நிற்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஜனவரி கடைசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கோவை வருகிறேன். உங்களுக்கு வசதிப்பட்டால் சந்திக்கலாம், வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிவாருங்கள். அதற்கு முன்னால், மருத்துவரைப் பார்த்தீர்களா, மனைவியிடம் சொன்னீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

அன்புடன்.